வராதவர் பேரில் ஒரு பால்குடம்

7 டிசம்பர் 2024, சனி

செஸ் போட்டி. நான்கு ஆட்டம், மூன்று புள்ளி. பம்பாய் செம்பூரில் இந்தப் பள்ளிக்கூட ஹாலுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், எல்லாம் ஹரிக்காக. மற்ற அம்மாக்களோடு வராந்தாவில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வெளியே வரும் மகனின் முகத்தைப் பார்த்தே வெற்றியா தோல்வியா என்று கண்டுபிடிப்பதுதான் அப்போது என் வேலை. பத்தாம் வகுப்போடு அவன் செஸ்ஸுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நான் கற்றது என்னோடு தங்கிவிட்டது. நாற்பத்தொரு வயதில் நான் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலைகூட ஒரு வாலண்டியர் வந்து, “பேரன்ட்ஸ் பாஹர் ஜாயியே” என்று என்னை வெளியே போகச் சொன்னான். முறைத்தேன். போய்விட்டான்.

பரிசு கொடுக்கும் பெரிய மனிதர் நாளைக்குத்தான் வருவாராம். அதனால் கடைசிச் சுற்றை நாளைக் காலைக்குத் தள்ளிவிட்டார்கள். ரேட்டிங் இல்லாதவர்களில் முதலிடம் வருபவருக்கு ஒரு கோப்பை உண்டு. ஹரி ஒரு நாளும் வாங்காத கோப்பை. எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்கு வேண்டும்.

8 டிசம்பர், ஞாயிறு

கோப்பை ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. ஆடாமலே வாங்கினேன்.

எதிராளி மாட்டுங்கா வெங்கடராமன் சார். ரிட்டயர் ஆனவர், நல்ல ரேட்டிங். எந்தப் போட்டியானாலும் முதல் ஆளாக வந்து, கைக்குட்டையால் காய்களைத் துடைத்து, குதிரைகளின் முகத்தை நேராகத் திருப்பி வைப்பார். நான் அவரோடு ஆடியதில்லை, பார்த்திருக்கிறேன். இன்று அவர் நாற்காலி காலி. எனக்கு வெள்ளை. நடுவர் கலீலுல்லா பாய் ஆரம்பிக்கச் சொன்னதும் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தி, கடிகாரத்தை அழுத்தினேன். அவருடைய நேரம் ஓட ஆரம்பித்தது. அரை மணிக்குள் வராவிட்டால் புள்ளி எனக்கு.

முதலில் பாத்ரூம் போயிருப்பார் என்று நினைத்தேன். பிறகு, தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் ஞாபகம் வந்தது. ஹார்பர் லைனில் வண்டியே இருக்காது. அப்போதுதான் ஆசை பிடித்துக்கொண்டது. முருகா, அவர் வராம இருக்கட்டும், உனக்குப் பால்குடம் எடுக்கிறேன். ஒரு தடவை இல்லை. வாசலைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருந்தேன். கதவு திறந்தபோதெல்லாம் இன்னும் வேகமாகச் சொன்னேன்.

வரவில்லை. பாய் வந்து கடிகாரத்தை நிறுத்தி எனக்கு ஒன்று போட்டார். ஆடாத ஆட்டம் ரேட்டிங்கில் சேராதாம். சேராவிட்டால் போகட்டும், கோப்பையில் சேர்ந்துவிட்டதே. தைப்பூசத்துக்கு செடா நகர் முருகன் கோயிலில் குடம் எடுத்துவிட வேண்டும்.

11 டிசம்பர், புதன்

செஸ் குரூப்பில் கலீலுல்லா பாய் எழுதியிருக்கிறார். வெங்கடராமன் சார் இறந்துவிட்டார். ஞாயிறு காலை. குர்லாவில் வண்டி மாறப் பாலம் ஏறும்போது நெஞ்சுவலி. சட்டைப்பையில் நம் போட்டி அட்டை இருந்ததாம். அதிலிருந்த நம்பரைப் பார்த்துப் போலீஸ்காரர்கள் பாயைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை.

12 டிசம்பர்

நான் கேட்டது ரயில் நிக்கணும்னுதான். ரயில். மனுஷன் இல்ல.

அப்படியா சொன்னேன்? இல்லை. ‘அவர் வராம இருக்கட்டும்’ என்றுதான் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. எப்படி வேண்டுமானாலும் என்றுதானே அர்த்தம்?

29 டிசம்பர், ஞாயிறு

கோப்பையை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். ஹரி, “எங்கம்மா டிராஃபி?” என்று கேட்டான். தூசி படியுது என்றேன். பின்னால் வைத்தால் தூசி படியாதா என்று திருப்பிக் கேட்டான். புத்திசாலிப் பிள்ளை, செஸ்ஸில் மட்டும் இந்தப் புத்தி வரவில்லை.

மனசு மாறட்டும் என்று போனில் ஒரு ஆட்டம் ஆடினேன். முகம் தெரியாத யாரோ. நடுவில் எதிர்ப்பக்கம் நின்றுபோனது. அவர் நேரம் ஓடுகிறது, காய் நகரவில்லை. ‘எதிராளி வெளியேறிவிட்டார். வெற்றியைக் கோரலாம்’ என்று வந்தது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு அடுக்களையில் போய் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால், கேட்காமலே வெற்றியை எனக்குக் கொடுத்திருக்கிறது.

19 ஜனவரி 2025, ஞாயிறு

ஹரிக்கு மணிக்கட்டில் முறிவு. கேட்ச் பிடிக்கப் போய் விழுந்திருக்கிறான். மாவுக்கட்டு போட்டாயிற்று.

வேண்டுதலைச் செலுத்தாததால்தானோ? கடவுளே, என் பிள்ளைமேல் கை வைக்காதே.

20 ஜனவரி

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். குர்லா பட்டறையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். வெங்கடராமன் சார், பால்குடம், ஹரியின் கை, எல்லாம். நயினார் என்று சாமி பேர் வைத்தார்களே தவிர, இந்த மனிதருக்கு ஆண்டவன் விஷயத்தில் பயமே கிடையாது. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

“வருஷா வருஷம் திருநவேலி டிக்கெட்டுக்கு வேண்டுத. ஒரு தடவயாது வெயிட்டிங் லிஸ்ட் கன்பார்ம் ஆயிருக்கா? ஒன் வேண்டுதலுக்கு அம்புட்டுப் பவரு எங்கருந்துளா வந்துச்சி?”

சிரித்துவிட்டேன். உடனே அழுகையும் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் குரலை இறக்கி, மனசு உறுத்தினால் குடத்தை எடுத்துவிடு, சாமிக்குச் சொன்னதைச் செய்துவிட்டால் தீர்ந்தது என்றார்.

தீருமா? குடத்தைத் தலையில் வைத்தால் என்ன அர்த்தம்? கேட்டதைக் கொடுத்தாய், நன்றி என்று அர்த்தம். ஒரு மனுஷர் பாலப் படியில விழுந்ததுக்கு நான் பால் ஊத்தி நன்றி சொல்லணுமா? சொல்லாம இருந்தா சாமி கடன். எந்தக் காயை நகர்த்தினாலும் வெட்டு. அம்மா உயிரோடு இருந்திருந்தால் முதலில் வாயைக் கழுவச் சொல்லியிருப்பாள்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

ஆபீஸுக்கு லீவு போட்டேன். மஞ்சள் புடவை கட்டினேன். குடமும் பாலும் வாங்கினேன். செடா நகர் கோயில் வாசல் வரைக்கும் போனேன். பெண்கள் வரிசையாகக் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். யாருக்குக் குழந்தை பிறந்ததோ, யாருக்கு வேலை கிடைத்ததோ, எல்லா முகத்திலும் அவ்வளவு நிம்மதி. என்னால் முதல் படியில் கால் வைக்க முடியவில்லை. குர்லா பாலத்துப் படியாகவே கண்ணில் பட்டது.

பாலை வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ச்சினேன். திரிந்துவிட்டது.

2 மார்ச், ஞாயிறு

விக்ரோலியில் ஒரு நாள் போட்டி. இரண்டு புள்ளிதான். எந்த ஆள் எதிரே உட்கார்ந்தாலும் அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்று காத்திருப்பது மாதிரியே இருக்கிறது. அவசரப்பட்டு நகர்த்துகிறேன். நாற்காலியைச் சீக்கிரம் காலி செய்து கொடுக்க வேண்டும் போல. அடுத்த போட்டிதான் கடைசி. அதிலும் இப்படியென்றால் விட்டுவிடுவேன்.

23 மார்ச், ஞாயிறு

மாட்டுங்காவில் போட்டி. நடுவர் கலீலுல்லா பாயேதான். முதல் சுற்றில் எனக்கு வெள்ளை, எதிராளி தௌஃபீக், தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர் என்று பாய் சொன்னார். நாற்காலி காலி.

சிப்பாயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினேன். அந்த எண்கள் குறைய ஆரம்பித்தன. முதுகில் வேர்த்தது. பதினைந்து நிமிஷம் போனது. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் உள்ளே இன்னொருத்தி கணக்குப் போடுகிறாள்: வராவிட்டால் முதல் சுற்றே ஒரு புள்ளி, பெண்கள் பரிசுக்கு நல்ல ஆரம்பம். இத்தனைக்குப் பிறகும்! எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. நாக்கு பழக்கத்தில் ‘முருகா’ என்று ஆரம்பித்துவிட்டது. பல்லால் கடித்து நிறுத்தினேன்.

பிறகு வாய்விட்டே சொன்னேன். பக்கத்து போர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“முருகா, இவரு வந்து சேரட்டும். இதுக்கும் ஒரு பால்குடம்.”

கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. பாய் என் மேஜைப் பக்கம் நடக்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. சட்டை பாதி வெளியே, கையில் தண்ணீர் பாட்டில், மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“ஸாரிக்கா, ட்ராக்குல வேலையாம், வண்டி சயான்லயே நின்னுருச்சு. அங்கருந்து ஓடியே வந்தேன்.”

கையை நீட்டினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வேர்வையில் நனைந்த, சூடான கை. ஊசி குத்திக் குத்தித் தோல் தடித்த விரல்கள். விடவே மனசு வரவில்லை. அந்த மனிதர் பயந்துவிட்டார். “அக்கா, ஒடம்பு சரியில்லையா?” என்றார். ஒன்றும் இல்லை, உட்காருங்க, தண்ணி குடிங்க என்றேன். உங்கள் நேரம் ஓடுகிறது என்று பாய் அவரிடம் சொன்னார். தௌஃபீக் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் காயைத் தொட்டார்.

அரை மணி நேரத்தைக் கோட்டை விட்டவர், என்னை அடித்துத் துவைத்துவிட்டார். நடுவில் நான் ஒரு யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். ஆனால் ஆட்டம் முழுக்க அவருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. கடைசியில் கை கொடுத்து எழுந்தபோதுதான் அது உறைத்தது.

11 ஏப்ரல், பங்குனி உத்திரம்

குடம் எடுத்தேன். ஹரி கட்டு பிரித்த கையோடு கூடவே வந்து செருப்பைப் பார்த்துக்கொண்டான். தோற்றதற்குப் பால்குடம் எடுத்தவள் பம்பாயிலேயே நீ ஒருத்திதான் என்று காலையிலேயே அவர் கேலி செய்தார். ஆனால் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்தது அவர்தான்.

பாண்டுப்பிலிருந்து வந்து வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா, என்ன வேண்டுதல் என்று கேட்டாள். ஒருத்தர் வந்து சேரணும்னு வேண்டினேன், வந்துட்டாரு என்றேன். வெளிநாட்டில் இருக்கும் தம்பியா என்றாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். விளக்க ஆரம்பித்தால் பால் திரிந்துவிடும்.

படி ஏறும்போது குர்லா ஞாபகம் வந்தது. வராமல் இருக்காது, இனிமேலும் வரும். நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறினேன்.

அபிஷேகம் ஆனதும் முருகன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். இது தௌஃபீக் வந்ததுக்கு என்று சொன்னேன். இன்னொரு குடம் பாக்கி இருக்கு, அதை நான் எடுக்க மாட்டேன், உனக்குக் கோபம் வந்தாலும் சரி என்று அவனிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.