விருந்துக்குக் கொண்டுபோன கத்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை மறக்காமல் தேயுங்கள்.

எங்கள் ஓட்டல் முதலாளி, "ஞாயித்துக்கிழமை வீட்டுல கறி சுடுறோம், வந்துடு" என்றார். லீவு நாளிலும் வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே சமையல் உடுப்பை மாட்டி, கத்தியோடு போனேன். போனால், கரி அடுப்பின் முன்னால் அவரே நிற்கிறார்.

"கத்தி எதுக்குப்பா? உட்காரு" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கறி ஒரு பக்கம் தீய்ந்துகொண்டிருந்தது. திருப்பிப் போட எழுந்தால் அவர் மனைவி விடவில்லை. மாம்பழமும் தர்பூசணியும் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, முதல் தட்டை என்னிடம் நீட்டினார். "கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பி."

தீய்ந்த கறிக்கு அந்தப் பழம் நன்றாகத்தான் இருந்தது. என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றுதான் இன்னும் விளங்கவில்லை. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பீரோவில் என் நீலச் சட்டை இருக்கும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள். வேலை உடுப்பும் இரண்டு கைலியும்தான் எடுத்து வந்தேன். வேறு எதுவும் தேவைப்படும் என்று அப்போது தோன்றவில்லை.

அடுப்பு பற்றவைக்க நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்