வண்டி இன்னும் உன் பெயரில்

பிப்ரவரி 27

வண்டி உரிமையாளர் அவர்களுக்கு,

உன் கடிதம் வந்தது. இந்த ஆண்டும் நான்கே வரி. காப்பீடு மார்ச் பத்தோடு முடிகிறது, மறக்காமல் புதுப்பிக்கவும், டயரைப் பார்க்கவும், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். டயருக்கு அடுத்த இடத்தில் என் உடம்பை வைத்திருக்கிறாய். முன்னேற்றம்தான். போன வருஷம் பேட்டரிக்கும் பின்னால் இருந்தேன்.

புதுப்பித்துவிட்டேன். ஆனால் முழுக் காப்பீடு எடுக்கவில்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்று குடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். வெயிலோ மழையோ குடையும் கையுமாக வருகிற அதே ஏஜென்ட்தான். "சார், உங்க வண்டிக்கு அடிபட்டா ஒண்ணும் கிடைக்காது சார்" என்றார். "எனக்கு அடிபட்டப்பவே ஒண்ணும் கிடைக்கலையே" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

உன் அண்ணன் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னது நினைவிருக்கிறதா? "மாப்பிள்ளை சம்பளத்துக்கு சைக்கிள்தான் வரும். கார் வேணும்னா என் தங்கச்சி ஆஸ்பத்திரில கடன் போடணும்." நீ கடன் போட்டாய். அதனால்தான் வண்டி உன் பெயரில் இருக்கிறது. அவர் சொன்னது உனக்கு மறந்திருக்கும். சொன்னவருக்கும் மறந்திருக்கும். என் ஒருவனுக்குத்தான் இந்த வேலை.

இன்னொன்று. அடுத்த வருஷத்திலிருந்து எனக்கு நினைவூட்ட வேண்டாம். கல்லூரியில் இருபது வருஷமாகத் தர்க்கம் நடத்துகிறேன். மார்ச் ஒன்பதுக்குப் பிறகு பத்து வரும் என்பது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓட்டுநர்

*

மார்ச் 19

அன்புள்ள வாத்தியாருக்கு,

இங்கு நலம். உங்கள் கடிதத்தின் காரத்தைப் பார்த்தால் அங்கும் நலம்தான் என்று தெரிகிறது.

எங்கள் ஆய்வகத்தைக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். சன்னல் இல்லை. மேலே மழை பெய்ததை, ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

குடைக்காரர் எனக்கும் போன் செய்தார். நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை வருகிறது, எழுதிக்கொள்வோம் என்று நீங்கள்தானே விதி வைத்தீர்கள். அதனால் அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு, நம் வண்டியால் வெளியாள் யாருக்காவது அடிபட்டால், அவருடைய பொருள் உடைந்தால், அதற்கு. சட்டம் கட்டாயம் என்பது அதை மட்டும்தான். நம் வண்டியே நொறுங்கினாலோ, எரிந்தாலோ, திருடு போனாலோ அதில் ஒன்றும் வராது. அதற்குச் சொந்தச் சேதக் காப்பீடு. இரண்டும் சேர்ந்தால் முழுக் காப்பீடு. இவை போக, ஓட்டுகிற உரிமையாளருக்கு உயிரோ கை காலோ போனால் என்று தனியாக ஒன்று உண்டு. அது உரிமையாளருக்கு மட்டும்தான். உரிமையாளர் நான். நான் அந்த வண்டியில் ஏறியே நாலு வருஷமாகிறது. ஸ்டியரிங் முன்னால் உட்காருகிற உங்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காப்பீட்டையும் கூடவே மாற்ற வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும். படிவம் வாங்கி அனுப்புகிறேன்.

நினைவூட்ட வேண்டாம் என்றீர்கள். சரி. அடுத்த வருஷம் எழுத மாட்டேன்.

அன்புடன்,
நான்

*

ஜூலை 7

லேப் அம்மாவுக்கு,

உன் படிவம் வந்து ஒரு மாதமாகிறது. மேசையில் இருக்கிறது. அதன் மேல் விடைத்தாள்கள், விடைத்தாள்கள் மேல் என் கண்ணாடி. எங்கள் துறைக்கு அந்த மீசைக்காரனைத் தலைவராக்கிவிட்டார்கள். எனக்கு ஆறு வருஷம் இளையவன், என்னிடம் படித்தவன். முதல் நாளே என் அறைக்கு வந்து, "சார், நீங்க எப்பவும் போலவே இருங்க" என்றான். எப்பவும் போலத்தான் இருக்கிறேன்.

வண்டி உன் பெயரில் இருப்பதில் உனக்கு என்ன நஷ்டம்? நான் குடித்துவிட்டு ஓட்டுகிறவன் இல்லை. யாருக்கும் வாடகைக்கு விடுகிறவனும் இல்லை. காலையில் கல்லூரி, மாலையில் வீடு. உன் அண்ணன் வார்த்தைக்கு ஓர் அத்தாட்சியாக அது அப்படியே இருக்கட்டும்.

நான் இல்லாதபோது தபாலைக் கீழ்வீட்டுத் தையல்கார அக்காதான் வாங்கி வைக்கிறார். உன் கையெழுத்து அவருக்குப் பழகிவிட்டது. "வருஷத்துக்கு ஒண்ணுதானே வரும், இப்ப அடுத்தடுத்து வருதே! என்ன சார் விசேஷம்?" என்று ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டார். "வண்டி விஷயம்" என்றேன். "ஏதோ ஒரு விஷயம் இருந்தா சரி" என்றார். பெயரை மாற்றிவிட்டால் அந்த அம்மாவுக்கு என்னிடம் பேச ஒன்றுமே இருக்காது.

ஆகவே கையெழுத்துப் போட நேரமில்லை.

ஓட்டுநர்

*

ஏப்ரல் 22

வாத்தியாருக்கு,

இன்று மதியம் ஆய்வகத்துக்கு ஒரு காவலர் வந்தார். பரிசோதனைக்கு வந்தவர் என்று நினைத்துச் சீட்டைக் கேட்டேன். அவர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்.

"இந்த நம்பர் வண்டி உங்களுதாம்மா?"

"என் பேர்ல இருக்குங்க. ஓட்டுறது எங்க வீட்டுக்காரர்."

"யாரு ஓட்டுனாலும் ஓனர் நீங்கதானே? இன்சூரன்ஸ் இந்த வருஷம் மார்ச் பத்தோட முடிஞ்சு போச்சு. இடிச்சது முப்பதாம் தேதி. ஒங்க வீட்டுக்காரர் ஒங்ககிட்ட சொல்லலையா?"

என்னோடு வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னேன்.

டைல்ஸ் கடை வளைவில், ஸ்கூட்டரில் வந்த ஓர் எலக்ட்ரீஷியன். இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் உடைந்திருக்கின்றன. அவ்வளவும் காவலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காப்பீடு இருந்திருந்தால் அவருடைய வைத்தியத்துக்கும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கும் கம்பெனி கொடுத்திருக்கும். அவர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இப்போது கம்பெனி இல்லை, நாம்தான். எந்தக் காப்பீட்டையும் வேண்டாம் என்று தள்ளுகிற நீங்கள், இந்த ஒன்றை மட்டும் ஒரு வருஷமும் விட்டதில்லை.

ஏன் எடுக்கவில்லை? வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

நான்

*

ஏப்ரல் 29

லேப் அம்மாவுக்கு,

எனக்கு அடி ஒன்றும் இல்லை. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வண்டியின் இடது பக்க விளக்கு உடைந்தது, பானெட் நெளிந்தது. உன் பாஷையில் சொந்தச் சேதம்.

அந்த ஆள் வளைவில் விளக்குப் போடாமல் வந்தார். நான் வேகமாகப் போகவில்லை. ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் போன பிறகு காவல் நிலையம், பிறகு வீடு. மறுநாள் வகுப்பும் எடுத்தேன். என்ன பாடம் எடுத்தேன் என்று கேட்காதே.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். நீ எழுதவில்லை, அதனால் எடுக்கவில்லை.

மார்ச் பிறந்ததிலிருந்து தையல்கார அக்காவிடம் தபால் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் தேதி குடைக்காரர் வந்தார். நாளைக்கு வாங்க என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். "சார், இதுல நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது சார்" என்று கெஞ்சினார். உன் கடிதம் வந்தால் அன்றே கட்டிவிடுவது, வராவிட்டால் எதுவரை வராமல் இருக்கிறது பார்க்கலாம் என்று இருந்தேன். இதில் தர்க்கம் இல்லை என்பது எனக்கும் தெரியும். நீ வேண்டுமென்றேதான் எழுதவில்லை. என்னிடம் சொன்ன சொல்லை நீ காப்பாற்றியது இது ஒன்றில்தான்.

நீ போன வருஷம் அனுப்பிய படிவம் இன்னும் இருக்கிறது. பிப்ரவரி மாதத் தேதி போட்டுக் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். நீயும் அதே தேதியைப் போடு. வண்டியை அப்போதே எனக்கு விற்றுவிட்டாய் என்று ஆகிவிடும். வழக்கு என்னோடு போகட்டும். உனக்கு இதில் வேலையில்லை.

ஓட்டுநர்

*

மே 16

வாத்தியாருக்கு,

படிவத்தைக் கிழித்துவிட்டேன். பொய்த் தேதி போட மாட்டேன். வண்டி என்னுடையது, என் சம்மதத்தோடுதான் அவர் ஓட்டினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தீர்ப்பு வந்ததும் என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். பரவாயில்லை.

சனிக்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். அந்த எலக்ட்ரீஷியனைப் பார்த்தேன். உங்கள் கல்லூரியிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"நீங்க யாரும்மா?"

"வண்டி என்னுதுங்க."

"ஓட்டுனது ஒரு சாருல்ல?"

"ஆமாங்க. வந்து பாத்தாரா?"

"இல்லைங்க. அன்னைக்கு ரோட்டுல எறங்கி வந்து என் ஸ்கூட்டரைத் தூக்கி ஓரமா நிறுத்தினாரு. ஸ்டாண்டுகூடப் போட்டாரு. என்னைத்தான் தூக்கலை."

கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய மனைவிக்குத்தான் கோபம். "ஒங்க வீட்டு ஆம்பளைக்கு இந்தப் பக்கம் வழி தெரியாதா?" என்று கேட்டார். நான் ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்தேன். "அந்த ஃபேன் காயில் போகப் போகுது, யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போங்கம்மா" என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வேண்டுமென்றேதான் எழுதவில்லை என்று சொல்கிறீர்கள். ஆமாம். மார்ச் ஆறாம் தேதி தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தடவையாவது யாரும் சொல்லாமல் அவராகச் செய்யட்டும் என்று தோன்றியது. தாளை உள்ளே வைத்துவிட்டேன். நீங்கள் அங்கே காத்திருந்தீர்கள், நான் இங்கே வீம்பாக இருந்தேன். அந்த மனிதர் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

புதுப் படிவம் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தும் இன்றைய தேதியும் இருக்கின்றன. நீங்கள் கையெழுத்துப் போடுகிற அன்றைய தேதியைப் போடுங்கள்.

நான்

*

ஆகஸ்ட் 3

லேப் அம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன், சரியான தேதியோடு. பெயர் மாறிவிட்டது. தீர்ப்புத் தொகையில் பாதியை நான் கட்டுகிறேன் என்று வக்கீலிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை வைத்துப் பதில் வாதம் எழுதாதே.

அந்த ஆளைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு வந்துவிட்டார். இனிமேல் ஏணி ஏற முடியாதாம். வாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்து மிக்ஸி ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். நான் மனதில் நான்கு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். மிக்ஸியின் திருகாணிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், சும்மாதானே இருக்கீங்க, இந்த மோட்டாரைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மோட்டார் ஓடியதும் கிளம்பி வந்தேன். வெட்கமா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது.

இந்த முறை முழுக் காப்பீடு எடுத்துவிட்டேன். குடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் சார் நீங்க மனுஷன்" என்றார். மூன்றாம் நபர், சொந்தச் சேதம், பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு, எல்லாம் உண்டு. பக்கத்தில் உட்கார யாரும் இல்லை என்று சொன்னேன். "இருக்கட்டும் சார்" என்றார். ஓட்டுகிற உரிமையாளருக்கான தனிக் காப்பீடும் போட்டாயிற்று. இப்போது இரண்டும் நானே.

அதற்கு நாமினி கேட்டார்கள். நான் போனால் யாருக்குப் போக வேண்டும் என்று. உன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினேன். சட்டப்படி இன்னும் அதுதானே. நான் உயிரோடிருந்து உனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது உன் அண்ணன் கட்சி. போயாவது செய்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளரும் ஓட்டுநரும்

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள வாத்தியாருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் வீட்டுக்குப் போனதற்கு நன்றி.

ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். குடைக்காரரைக் கூப்பிட்டு, நாமினி இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு வேறு யாருடைய பெயரையாவது எழுதச் சொல்லுங்கள். உங்கள் தங்கை இருக்கிறாள், அவள் பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கே சில நாள் தோன்றுகிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேன். யாராவது போய்விட்டால், அவர்களுக்கு வேண்டியவர்கள் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சன்னலாக நிற்பார்கள். உள்ளே இருக்கிறவர் நிமிர்ந்து பார்க்காமல், "அவருக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்பார். எல்லாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அம்மா, மகன், வீட்டுக்காரி என்று. உங்கள் கடிதம் வந்த அன்று அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்குத்தான் தாமதமாகும்.

படிவத்தில் நீங்கள் சட்டென்று எழுதிவிட்டீர்கள். எனக்குச் சொல்ல வரவில்லை.

பெயரை மாற்றியதும் எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை.

நான்