நெற்றிச் சுழி

அன்புள்ள அம்மா,

ஸ்டுடியோவில் நான் காட்டிய படத்தில் இருப்பவர் அப்பா என்றோ, அவர் தை மாதம் இறந்துவிட்டார் என்றோ அன்று நான் சொல்லவில்லை. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் ஸ்டுடியோவில் சனிக்கிழமைதோறும் ஆளுக்கொரு பிசகிய படத்தைக் காட்டி, பிழையைப் பேசிக் கற்றுக்கொள்வோம். உசிலம்பட்டிச் சந்தையில் செவலைக் காளையை விற்பதற்காக நான் எடுத்த படத்தைக் காட்டினேன். "மாட்டு நெத்தி பளிச்சுனு இருக்கு, கயிறு பிடிச்ச ஆளு கலங்கிட்டாரே! மாட்டுக்கா கல்யாணம்?" என்றார் முதலாளி ஆன்றோ அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

அந்தப் படம் எடுக்கும்போது அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும்: "என் மூஞ்சிய எவன் பாக்கப் போறான்? வாங்குறவனுக்கு மாட்டு நெத்திச் சுழி தெரியணும்த்தா."

"அதே ஆளை நிக்கவச்சு, முகம் தெளிவா எடுத்துட்டு வா" என்றார் அண்ணன். சரி என்றேன்.

அஞ்சலி பேனருக்கு நாம் ஆதார் அட்டைப் படத்தைத்தானே போட்டோம். தம்பி முகேஷிடம் சொல்லி உன்னை வாசல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. முந்தானையால் வாயை மூடிக்கொள்ளாதே. பருப்புப்பொடியும் கொஞ்சம் அனுப்பு. ஒரு கல்யாண வேலைக்குக் கிளம்புகிறேன்.

மறு சனிக்கிழமை எல்லோரும் திருத்திய படத்தைக் கொண்டுவந்தார்கள். நான் பழைய படத்தையே திரும்பக் கொடுத்தேன்.

உன் மகள்,
முத்துமீனா