குளிப்பாட்டிய மெஷின்

மார்ச் 3

அன்புள்ள சித்திக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது துருதான். தையல் கூடத்தின் மூலையில், நீங்கள் போன பிறகு மூடிவைத்த உங்கள் மெஷினுக்கு அடியில் தரை பழுப்பாகக் கறை படிந்திருந்தது. நான் பள்ளியை விட்டு இங்கே சேர்ந்ததிலிருந்து தினமும் பெருக்கிவிட்டுத்தான் தைக்க உட்காருகிறேன், ஆனால் போன வாரம்தான் அதைப் பார்த்தேன்.

சீருடை ஆர்டர் பெரிதாக வந்திருக்கிறது. மெஷின் போதவில்லை என்று அதைத் திறந்தார்கள். மெக்கானிக் அண்ணன் உள்ளே பார்த்துவிட்டு, "யாரும்மா இதைக் குளிப்பாட்டினது? சளி பிடிச்சுக் கெடக்கு" என்றார். எல்லோரும் தலையைக் குனிந்து தைத்தார்கள். அவரே துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு ஓட வைத்துவிட்டார்.

சாப்பிடும்போது, பட்டன் துளை தைக்கும் காஜா அக்கா என்னிடம் சொன்னார்: "உங்க சித்தி விரல்ல ஊசி ஏறிடுச்சு. கையைப் பிடிக்கப் போனேன். 'கிட்ட வராதீங்க, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு'ன்னு அவளே சொன்னா. சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்? அவ போனதும் அவ மெஷின் மேல பிளீச்சிங் தண்ணிய வாளி வாளியா ஊத்தினோம்டி."

சூப்பர்வைசர் அக்கா உங்களைக் கூப்பிடச் சொன்னார். "பயமெல்லாம் அப்போ. தொட்டா ஒட்டாதுன்னு நர்ஸம்மா வந்து சொன்ன பிறகு எல்லாரும் தெளிஞ்சுட்டோம். வரச்சொல்லு. மெஷின் மட்டும் அந்த மூலையிலேயே இருக்கட்டும்" என்றார்.

போனில் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். வருவீர்களா?

உங்கள்
ஊமைக்கோட்டான்


மார்ச் 9

என் கோட்டானுக்கு,

நலம். மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். பரிசோதனையில் கிருமியே தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டதாம். டாக்டரம்மா என் தோளில் தட்டிச் சொன்னார். தட்டியதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இங்கே தலையணை உறை தைக்கும் கடையில் இருக்கிறேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஊசி குத்தினால் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். நல்ல மனுஷிகள்தான். ஆனால் தெரிந்தால் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அது ஒன்றுதான் பாரம்.

மெஷினுக்குச் சளி பிடித்த கதையைப் படித்துச் சிரித்தேன். பாவம், அது என்ன செய்தது?

மூலைக்கு வரமாட்டேன். மற்றவர்களோடு வரிசையில் இடம் இருந்தால் வருகிறேன். கோபத்தில் சொல்லவில்லை. இடம் இல்லையென்றால் இதைப் பற்றி இனி எழுத வேண்டாம், வேறு சேதி எழுது. இதை நீ அவர்களிடம் கேட்கவும் வேண்டாம். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே உனக்கு நாக்கு எழாது.

சித்தி


மார்ச் 16

அன்புள்ள சித்திக்கு,

சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்கத்தான் போனேன். அவர் நிமிர்ந்து, "என்னடி?" என்றார்.

"நூல்" என்றேன்.

வெள்ளை நூல்கண்டு ஒன்றைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நீங்கள் சொன்னது சரிதான்.

என் இடத்துக்குப் போகாமல் மூலைக்குப் போனேன். மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு மேசையைப் பிடித்து இழுத்தேன். சிமெண்டுத் தரையில் அதன் கால்கள் போட்ட சத்தம் எனக்கே கூசியது. ஒவ்வொரு மெஷினாக நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"ஏய், என்ன பண்ற நீ? அதை எங்க இழுத்துட்டுப் போற?" என்றார் சூப்பர்வைசர் அக்கா.

நான் இன்னும் பலமாக இழுத்தேன். பாதி தூரத்தில் மேசை காஜா அக்காவின் ஸ்டூலில் இடித்துச் சிக்கிக்கொண்டது.

"கேட்டா சொல்லவா போகுது கோட்டான்?" என்று யாரோ சிரித்தார்கள்.

காஜா அக்கா தன் ஸ்டூலைத் தூக்கி ஒரு ஆள் அகலத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "அப்படியே வா. கால் இடிச்சுக்காத" என்றார். சூப்பர்வைசர் அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

உங்கள் மேசையை வரிசையில் என் மேசையோடு ஒட்டிப் போட்டேன். அந்த நூல்கண்டை அதில் மாட்டி, ஊசியில் நூலைக் கோத்து வைத்தேன்.

கோட்டான்