அபூ மிஜ்பிலின் விளக்குகள்

அம்மான்
ஆகஸ்ட் 14

ஹைதமுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நகர வெளிச்சம் எட்டாத இடம் உனக்குத் தெரியும் என்றுதான் அஸ்ரக் பாலைவனம் வரை வந்தேன். மகள் தீமாவின் இரவுப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது, எரிநட்சத்திரமெல்லாம் இந்த வருடத்தோடு சரி என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ கூட்டிப்போன நாடோடிப் பெரியவர் அபூ மிஜ்பிலின் கூடாரத்தில் ஜெனரேட்டர் போட்டுக் கல்யாண வீடு மாதிரி விளக்கு! விருந்தாளிக்கு மரியாதையாம்.

"என்னப்பா, வானமே வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டாள் என் மகள். நீயோ காபியைக் குடித்துவிட்டு அவரோடு ஆட்டு விலை பேசிக்கொண்டிருந்தாய். கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்திருந்தால் என்ன வேண்டுமென்று அவரே கேட்டிருப்பார். கேட்டதைக் கொடுக்காமல் இருந்திருக்க மாட்டார். பெண் கேட்கப் போனாலும் பகை தீர்க்கப் போனாலும் இங்கே அதுதானே வழக்கம்? உன் வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஷுக்ரி


அஸ்ரக்
ஆகஸ்ட் 20

அன்புள்ள ஷுக்ரி,

நன்றாகத் திட்டு. ஆனால் நீயும்தான் அந்தக் காபியைக் குடித்தாய். கண் விஷயத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே என்று என் வாயைக் கட்டியதும் நீதான். அந்த மனிதர், "டவுன் புள்ள, இருட்டுன்னா பயந்துக்கும்" என்றுதான் விளக்கு கட்டினார்.

நேற்று தனியாகப் போய்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "குடிப்பா, கேட்டது கெடச்சாச்சு" என்றார். டிசம்பரில் எரிநட்சத்திரம் கொட்டும் இரவில் அங்கே ஒரு சிகரெட் நெருப்புகூட இருக்காது. தீமாவைக் கூட்டி வா.

உன் நண்பன் ஹைதம்


அம்மான்
டிசம்பர் 15

ஹைதம்,

அபூ மிஜ்பில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுப்பைக்கூட அணைத்துவிட்டார். எல்லோரும் "அதோ, அதோ" என்று கத்தினீர்கள். "நானும் பாத்துட்டேன் சித்தப்பா" என்று தீமா உன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாளே, அது பொய். காரில் ஏறியதும், "ஒண்ணுமே தெரியலப்பா. சித்தப்பா பாவம், அவர்கிட்ட சொல்லிடாத" என்றாள்.

சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும். ஆகஸ்டில் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வராதே என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. வா. காபி ஊற்றுவேன். நீ குடிக்காமல் கீழே வைப்பாய். என்ன கேட்க வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காபி ஆறிப்போகும் வரை, "குடி" என்று நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஷுக்ரி