கிழிசலைச் சுற்றிய சிவப்பு நூல்

என் மருமகளுக்கு, உன் மாமா சொல்லச் சொல்ல உன் வீட்டுக்காரன் எழுதுவது. நீயும் உன் அக்காவும் அவள் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இங்கே சமையல் இவன்தான். உப்புப் போட்டதை மறந்து இன்னொரு தடவை போடுகிறான். நான் வாயைத் திறப்பதில்லை. குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. பூனை உன் துணிக் குவியல் மேலேயே கிடக்கிறது. என் கண் மருந்து இன்னும் பாதி இருக்கிறது.

அந்த மருந்தை வாங்கத்தானே அன்றைக்கு நீ போயிருந்தாய். அந்த நேரம் பார்த்துத்தான், கடைக்கு விற்க நீ தைத்து வைத்திருந்த பையில் கை வைத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, தையல் கோணல்மாணலாக இருந்தது, நேராக்கலாம் என்று பிரித்தேன் என்று சொன்னேன் அல்லவா? பொய் அம்மா. கண் நன்றாகத்தான் தெரிந்தது.

நீ கோடு போடாமல், அளவு பார்க்காமல், துணி போன போக்கில் ஊசியை விடுகிறவள். திரைச்சீலையும் குடைத்துணியும் இவனுடைய பழைய கால்சட்டையும் உன் கையில் பையானபோது பக்கத்தில் உட்கார்ந்து மெச்சியவன்தான் நான். அன்றைக்குக் கையில் எடுத்தது என் நீலச் சட்டை. வலது தோளில் மூட்டை உரசி உரசி இழை இழையாகப் போன இடத்தை நீ உள்ளே மடித்திருக்கலாம். பையின் முன்பக்கத்தில் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிச் சிவப்பு நூல் ஓட்டியிருந்தாய்.

கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில், அந்தச் சட்டையோடு கூலி வரிசையில் நின்றபோது கணக்கப்பிள்ளை, என்னய்யா, எலி கடிச்ச மூட்டை நடந்து வருது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் தோளில் துண்டில்லாமல் வெளியே போனதில்லை. இது இவனுக்கும் தெரியாது; இப்போதுதான் கேட்கிறான், பேனா நின்றுவிட்டது. எழுதுடா என்கிறேன்.

அந்தக் கிழிசல் கடையில் தொங்கப்போகிறதே என்று உடம்பெல்லாம் கூசியது. நூலை உருவிவிட்டு, மேலே ஒட்டுப் போட்டு, சாக்கு வாய் தைப்பதுபோலக் கோணி ஊசியால் இறுக்கினேன். பழையபடி மடித்து வைத்துவிட்டேன். நீ பார்க்காமலே கொண்டுபோய்க் கடைக்காரம்மா முன்னால் விரித்தாய். நாலு பேர் நிற்க, சாக்கு விக்கவா வந்தே என்று அந்தம்மா கேட்டதை நீ சொல்லவில்லை. கடைக்குப் போயிருந்த இவன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். நீ வந்து எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, ஏன் மாமா என்று மட்டும் கேட்டாய். அதற்குத்தான் அந்தப் பொய். மறுநாளே அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

நீ விட்டுப்போன பையிலிருந்து அந்த ஒட்டுத் துணியைப் பிரித்துவிட்டேன். உன் ஊசி போன துளைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றின் வழியே நூலை விட்டுப் பார்த்தேன். நூல் போகிறது, நீ தைத்தது வரவில்லை. உருவிவிட்டேன்.

வருகிற நாளைச் சொல்லி அனுப்பு தாயி. உன் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும். பஸ் நிற்கும் இடத்துக்கு நானே வருகிறேன். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிழிசல் வெளியே தெரிய வருவேன். துண்டு போட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மாமா, கைநாட்டு