தாட்சாயிணியின் செப்புக் குடம்

முத்தாபுதுப்பேட்டை
16-5-93

அன்பு மகன் மனோகரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம், தண்ணீர் ஒன்றைத் தவிர வேறு குறையில்லை. ஜபல்பூர் வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடத் தாமதமாகிவிட்டது, என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. நீ அனுப்பிய செப்புக் குடம் தாட்சாயிணிக்குப் பிடித்ததா என்று கேட்டிருந்தாய். பிடித்துவிட்டது, அதுதான் இப்போது தெருவுக்கே தொல்லை.

லாரித் தண்ணீர் வரிசையில் எல்லாக் குடமும் ஒரே பச்சை பிளாஸ்டிக், தன் குடத்தை யாராவது பின்னால் தள்ளிவிடுகிறார்கள் என்று அவள் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்து, நீயே ஆணியால் அவள் பேர் வெட்டி அனுப்பினாயே, உன் அப்பாவுக்கு இந்த இருபத்துமூன்று வருஷத்தில் அப்படி ஒன்று தோன்றியதில்லை. ஆனால் அந்தப் பெண் அதில் தண்ணீர் பிடிக்க மாட்டேன் என்கிறாள், தண்ணீர் தங்கினால் நீ வெட்டிய எழுத்து கறுத்துவிடுமாம். விடியற்காலையில் வரிசையில் வைக்கிறாள், லாரி வந்ததும் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். வீட்டுக்கு ஒரு குடம்தான் வைக்கலாம் என்பது இங்கே சட்டம். அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவ மட்டும் என்னிடம் தண்ணீர் கேட்டு வருகிறாள், மருமகளாக வரப்போகிறவளிடம் எப்படி இல்லை என்பது, கொடுத்துவிட்டு ரசத்தைக் கெட்டியாக வைக்கிறேன், உன் அப்பா குழம்பு என்று நினைத்துச் சாப்பிடுகிறார். எதிர்வீட்டுக் கன்னியம்மாள் நேற்று அந்தக் குடத்துக்குக் குங்குமம் வைத்து, அம்மா தாயே இன்னிக்காவது லாரிய இட்டாந்துடு என்று கும்பிட்டாள், லாரியும் வந்துவிட்டது. இன்று பி.எஸ்ஸி. படித்த நானும் கும்பிட்டேன்.

சாயங்காலம் தாட்சாயிணியின் அப்பா கஜபதி வாசலில் வந்து நின்றார். இன்னாம்மா, உம்புள்ள குடம் அனுப்ச்சானா கோயில் கலசம் அனுப்ச்சானா, நான் குளிச்சி நாலு நாளாவுது, வேல செய்ற எடத்துல எவனும் பக்கத்துல ஒக்கார மாட்றான் என்று ஒரே சத்தம். நாற்பத்துநான்கு வயதில் சம்பந்திச் சண்டைக்கு எனக்கு என்ன தெரியும், பயந்துபோய், பையன் தீபாவளிக்கு வந்து நிச்சயம் பண்ணிக்கொள்வான் என்றேன். குடத்த வெச்சிட்டா மட்டும் பத்தாதும்மா, லாரி வர சொல்லோ ஆளு நிக்கணும், இல்லாங்காட்டி ஒதச்சித் தள்ளிட்டு அடுத்த குடத்த வெச்சிடுவாங்கோ, ஆனி பொறந்ததும் திருமழிசையிலேர்ந்து பொண்ணு பாக்க வராங்கோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் இதை எழுத உட்கார்ந்தேன் கண்ணா. தாராளமாகத் தண்ணீர் பிடி என்று முதலில் அவளுக்கு இரண்டு வரி போடு, நீ சொன்னால்தான் கேட்பாள், அந்த மனிதர் குளிக்கட்டும். பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் கிளம்பு. பரிசு எதுவும் வேண்டாம், வெறுங்கையோடு வந்து அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் நில். எல்லா நலமும் பெற்று இரு, வேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்
உன் அம்மா சுசீலா